ஏரி வழியாக மீனம்பாக்கத்துக்கு

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகச் சென்னையிலிருந்து விழுப்புரம் போய்க்கொண்டிருந்தோம். திண்டிவனம் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்தன, கொஞ்ச தூரத்தில் நின்றேவிட்டன. முன்னால் எங்கோ மேம்பால வேலை. கண்ணாடியை இறக்கினேன். சூடான தார் வாடை குப்பென்று உள்ளே வந்தது. பக்கத்தில் கைப்பேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க, லெஃப்ட்ல ஒரு ரோடு காட்டுது. ஊருங்க வழியா பூந்து போயிடலாமாம்" என்றாள். வேண்டாம், இப்படியே நிற்போம் என்றேன். எங்களுக்கு முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக அந்த இடது பக்கச் சாலையில் இறங்கிப் போயின. பின் சீட்டிலிருந்த மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இவருக்கு இது பழைய வியாதி, விடு என்று மனைவி அவனைச் சமாதானப்படுத்தினாள். அவள் சொன்னது சரிதான், இது வியாதிதான். எங்கே பிடித்தது என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

தார் வாடை சின்ன வயதில் எனக்குப் பிடித்த வாடை. சாலை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போய் நிற்பேன். செருப்பில் ஒட்டிய தாரை அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பாள், துடைக்கும்போதே என் முதுகிலும் ரெண்டு வைப்பாள். அந்த வாடை கசந்துபோனது, இதே சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திய காலத்தில்தான். சட்டையில் அந்த வாடை, தலையணையில் அந்த வாடை. இருபக்கமும் நின்ற புளிய மரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். எண் விழுந்த மரம் அடுத்த வாரம் இருக்காது. பேருந்தில் போகும்போது எண் போடாத மரம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடுவேன். ஒரு கட்டத்தில் தேடுவதை விட்டுவிட்டேன். பழைய சாலைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொண்டே போனார்கள். அவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது என்று எங்களில் யாருமே கேட்டதாக ஞாபகம் இல்லை.

சாலையில் நாள் முழுக்க நெரிசல். ஒரு பக்கம் சிவப்புக் கொடி காட்டினால், எதிர்ப்பக்க வண்டிகள் எல்லாம் வந்து முடிகிறவரை நிற்க வேண்டும். ஏழுமலை அண்ணனின் புகழ் பரவியது அந்த நாட்களில்தான். எங்களுக்குத் தூரத்து உறவு. சொந்தமாக ஓர் அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய ரோட்டைத் தொடாமலே திண்டிவனம் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று சொல்வார்கள். பனமலைக் கோயில் வலது பக்கம் தெரிந்தால் இந்த ஊர், இடது பக்கம் வந்துவிட்டால் அந்த ஊர் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அவர் வண்டியில் போனவர்களுக்கு மாவட்டத்து ஆட்டுப்பட்டிகள் எல்லாம் அத்துப்படி ஆகிவிடும், இடுப்பு மட்டும் கழன்றுவிடும். ஆனாலும் கல்யாணம், ஆஸ்பத்திரி, விமானம் என்று தவறவிட முடியாத காரியம் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

என் காரியம் விமானம். கோட்டக்குப்பத்து நண்பன் ஒருவனின் மாமா ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலைக்கு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். அன்று இரவு விமானம் ஏறினால் வேலை, ஏறாவிட்டால் விசா காலாவதி, வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எனக்குப் பின்னால் கல்யாணத்துக்கு நின்ற தங்கைகள் இருவர். அப்பாவின் கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் கால்களோ புது ஷூவுக்குள் அழுதுகொண்டிருந்தன. வெளிநாடு போகிறவன் ஷூ போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்களோ தெரியவில்லை.

விழுப்புரத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து உச்சி வெயிலில் கிளம்பினோம். ஏழுமலை அண்ணன், முன் சீட்டில் அப்பா, பின்னால் நானும் என் பெட்டியும், மடியில் அம்மா வறுத்துக் கொடுத்த மல்லாட்டைப் பொட்டலமும். விக்கிரவாண்டியில் எதிரே வந்த பேருந்து டிரைவர், கூட்டேரிப்பட்டு பக்கம் லாரி கவிழ்ந்துவிட்டது, ஒன்றும் நகரவில்லை என்றார். ஏழுமலை அண்ணன் சிரித்துக்கொண்டே மேற்கே திருப்பினார்.

அந்தச் சிரிப்பு ரொம்ப தூரம் வரவில்லை. அவருக்குப் பழக்கமான ஊர்ச்சாலைகளை மண் லாரிகள் நார்நாராகக் கிழித்திருந்தன. வேலிக்காத்தான் செடிகள், கூரைகள், வாசலில் நின்ற மாடுகள் எல்லாவற்றின் மேலும் செம்மண் படிந்திருந்தது. அந்த நேரத்தில் ஊர்களில் ஆட்களே தென்படவில்லை. லாரிகள் மட்டும் எதிரெதிராக வந்தன. நாங்கள் ஒதுங்கினோமா விழுந்தோமா என்று அவற்றின் டிரைவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரிடத்தில் சாலையே வெட்டப்பட்டிருந்தது. இன்னொன்றில் முள்ளை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள். ஏழுமலை அண்ணன் வழக்கமாக ஊர் ஊராகக் கதை சொல்லிக்கொண்டு வருகிறவர், அன்று முன்னால் இருந்த பள்ளங்களை மட்டுமே பார்த்து ஓட்டினார். கடைசியில் தான் பிறந்து, எப்போதோ விட்டு வந்த ஊரின் ஏரிக்குள் இறங்கினால் வல்லம் ரோட்டில் ஏறிவிடலாம், அங்கிருந்து திண்டிவனம் நேர் ரோடு என்றார். கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் மாட்டு வண்டிப் பாதை உண்டு, அதில் கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்று அப்பாவுக்குத் தைரியமும் சொன்னார்.

கரையேறி உள்ளே இறங்கினோம். தரை வெடித்துக் கிடந்தது. பாதையும் அவர் சொன்னபடியே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் சரிவாக இறங்கிப் போய் ஒரு தண்ணீர்த் தேக்கத்தில் மறைந்து, அந்தப் பக்கம் மேலே ஏறியது. முந்தின வாரம் பெய்த கோடை மழையின் தண்ணீராக இருக்கும். கலங்கிப் பழுப்பாக, கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று தோன்றியது. அதற்கு முன்னால், பாதையின் நடுவே, ஒரு பெண் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். என் அம்மா வயதுதான் இருக்கும். பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் தழை ஒடிக்கும் நீளத் துரட்டி ஒன்று கிடந்தது. ஆடு ஒன்றையும் காணவில்லை.

ஏழுமலை அண்ணன் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. தலையை வெளியே நீட்டி, விமானத்துக்கு நேரமாகிறது, ஒதுங்கும்மா என்றார். தண்ணி ஆழம், திரும்பிப் போங்க என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது எங்க ஊரு ஏரிம்மா. நான் நீச்சல் கத்துக்கினதே இதுலதான். எனக்கு நீ ஆழம் சொல்றியா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "எம் புள்ளையும் இதுலதாங்க கத்துக்கினான்" என்றாள்.

அவள் துரட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் இறங்கிப் போய், தண்ணீர் ஓரத்தில் நின்று அதை உள்ளே விட்டார். துரட்டி போய்க்கொண்டே இருந்தது. முழுக்கோலும் போய் அவர் முழங்கை நனைந்த பிறகும் அடி தட்டவில்லை. நாங்கள் பாதை என்று நினைத்த சரிவு, மண் அள்ளும் லாரிகள் இறங்கப் போட்டது. பழைய வண்டிப் பாதையை அந்தச் சரிவின் முனையிலேயே செங்குத்தாகத் தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். மழைத் தண்ணீர் பள்ளத்தை நிரப்பி மேலே சமமாக நின்றது. அவளுடைய மகன் மொபெட்டில் வேலைக்குப் போனவன். பெரிய ரோட்டு நெரிசலுக்குப் பயந்து, தனக்குப் பழகிய இந்த வழியில் விடியற்காலை இருட்டில் இறங்கியவன் கரையேறவில்லை. இதை அவள் சொல்லவில்லை, பிற்பாடு ஏழுமலை அண்ணன் விசாரித்துச் சொன்னது.

அவர் வந்து உட்கார்ந்தார். வெளியே ஒரு சத்தமும் இல்லை. அந்தத் தண்ணீரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்படியும் என் வாய் சும்மா இருந்ததா? கரையைச் சுற்றிப் போனால் வேறு வழி இருக்குமே என்றேன். அப்பா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியத் திருப்புப்பா," என்றார் ஏழுமலை அண்ணனிடம். "ரோட்லயே போயி நிப்போம். போனா போவுது. எம் பையன் இங்கயே இருக்கட்டும்."

ரோட்டிலேயே போய் நின்றோம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். அப்பா மூன்று பேருக்கும் காபி வாங்கி வந்தார். ஷார்ஜாவுக்கு வேறொருவர் போனார். நான் திண்டிவனத்தில் ஒரு ஏசி பழுது பார்க்கும் கடையில் சேர்ந்து, பிறகு சென்னைக்கு மாறி, இதோ இப்படி இருக்கிறேன். தங்கைகளின் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. அப்பா மேல் எனக்குச் சில வருடங்கள் கோபம் இருந்தது. எனக்கு மகன் பிறந்த பிறகு அந்தக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

நான்கு வழிச் சாலை திறந்ததும் எல்லோரையும் போல நானும் வாய் பிளந்து அதில் போனேன். ஒரு குலுக்கல் கிடையாது. அப்புறம் ஒரு நாள் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். குறுக்கு வழிகளை விட்டு ரொம்ப நாளாயிற்று என்றார். அந்தப் பெண் இப்போது ஏரியில் இல்லை என்றும் சொன்னார். பெரிய ரோட்டில் நிற்கிறாளாம்.

"அந்தப் பள்ளத்து மண்ண எங்க கொட்றாங்கன்னு லாரி பின்னாலயே நடந்து போயி கேட்டுக்கினு இருந்திருக்குது தம்பி. இப்ப அந்த மண்ணு மேல ரோடு போட்ட எடத்துலதான் நின்னுக்கினு, வர்ற வண்டியெல்லாம் நிறுத்தச் சொல்லி கைய காட்டுது."

நீங்கள் நிறுத்தினீர்களா என்று கேட்டேன்.

"பின்னால பஸ்ஸு வர்றான். அந்த ரோட்ல எங்க தம்பி நிக்கறது?" என்றார். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவல் பைக்கில் போனேன். அவர் அடையாளம் சொன்ன இடத்தில் யாரும் இல்லை. விசாரிக்கலாம் என்றால் ஒரு கடை இல்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை, உட்கார்ந்திருக்க ஒரு ஆள் இல்லை. பழைய ரோட்டில் யாராவது ஓரமாக நின்று கை காட்டினால் பாரம் ஏற்றிய லாரிகூடத் திட்டிக்கொண்டே நிற்கும். என்னம்மா விஷயம் என்று டிரைவர் இறங்கி வருவார். பைக்கை ஓரம் கட்டிவிட்டு நானும் அங்கே நின்று கையை நீட்டிப் பார்த்தேன். வெகுநேரம் நீட்டியிருந்தேன். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.