வீட்டுக்காரர்

கல்யாணப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. மேலே ஒரு கம்ப்யூட்டர், தாளை மென்று துப்பும் ஒரு பிரிண்டர். அங்கே இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் டைப்பிஸ்ட் அக்கா. கல்யாணம் பதிய வருகிறவர்களுக்கு மனு அவள்தான் அடிப்பாள். அதே ஜோடி நாலு வருஷம் கழித்து ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தால் விவாகரத்து மனுவும் அவள்தான். எழுத்துப்பிழை ஒன்று காட்டினால் காசே வேண்டாம் என்பாள். யாரும் காட்டியதில்லை.

"பதிஞ்சுக்கலாமா, இல்ல சும்மாவே சேர்ந்து இருந்துடலாமா அக்கா?" என்று எவனாவது வந்து நெளிந்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"காதலைப் பத்தி என்கிட்ட கேக்காதே தம்பி, காகிதத்தைப் பத்திக் கேளு. கட்டிக்கிட்டா ரேஷன் கார்டுல ரெண்டு பேர் பேரும் ஏறும். அவ ஆஸ்பத்திரியில கிடந்தா நீ கையெழுத்துப் போடலாம். நீ மண்டையைப் போட்டா வீடு அவளுக்கு. ஆனா நீ எவன்கிட்டயாவது கடன் வாங்கியிருந்தா, அவன் வந்து அவ கழுத்தைத்தான் பிடிப்பான். இப்பச் சொல்லு, கடன் இருக்கா?"

பையன் மேலே பார்ப்பான். பெண் பையனைப் பார்ப்பாள்.

ஊருக்கெல்லாம் இவ்வளவு விலாவாரியாகச் சொன்ன மகராசி தன் விஷயத்தில் என்ன செய்தாள் தெரியுமா? அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளைக் கட்டியவர் தீயணைப்பு வண்டி ஓட்டுநர். வேலையிலேயே செத்துப்போனார். குடும்பப் பென்ஷன் வந்தது. மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய், "நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவள் மறுபடி சிரிக்கிறாளா என்று கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற சட்டம். தூ! இதையும் நாலு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள்.

இரண்டு தெரு தள்ளிக் கடிகாரக்காரர் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே இரண்டு அறை, எல்லாம் சொந்தம். டைப்பிஸ்ட் அக்கா ஒரே கடிகாரத்தை மூன்று தடவை ரிப்பேருக்குக் கொண்டுபோனாள். அதில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாலாவது தடவை, கட்டிக்கலாமா என்று அவரே கேட்டார்.

"வேண்டாங்க. டைப்படிச்சு வர்றது பாதி வயித்துக்குத்தான் காணும். மீதியைப் பென்ஷன்தான் ரொப்புது. கட்டாமலே வந்துடறேனே?"

"உன் இஷ்டம்" என்று, கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்.

வந்துவிட்டாள். மூன்றாம் வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டான். பென்ஷன் ஆபீஸிலிருந்து ஒருத்தர் விசாரிக்க வந்து, மாடியில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்த கடிகாரக்காரரைக் காட்டி, "இவர் யாரு?" என்றார்.

அவள் பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர்."

வந்தவர், "ஓ, வீட்டு ஓனரா? வாடகை ஒப்பந்தம் இருக்கா?" என்றார்.

"நாளைக்கே கொண்டுவந்து தர்றேன் சார்!"

அன்றைக்கே உட்கார்ந்து அடித்தாள். உரிமையாளர் அவர், வாடகைதாரர் இவள், பதினோரு மாதம். அப்புறம் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கும் அது பெரிய வேடிக்கை. "வாடகைதாரரே, டீ கிடைக்குமா?" என்பார் அவர். "மாடிப் பைப்பு ஒழுகுது, உரிமையாளர் வந்து பாக்கணும்" என்பாள் இவள். அவருக்கிருந்த ஒரே சொந்தமான தம்பி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மூக்குப்பிடிக்கச் சாப்பிடுவான். "அண்ணி, உங்க கை கைதான் அண்ணி" என்பான்.

ஒருநாள் கடிகாரக்காரர், "உயில் ஒண்ணு எழுதி வச்சுடறேன், வீடு உன் பேருக்கு" என்றார். வேண்டாம் என்று தடுத்ததும் இவள்தான். "வாடகைக்கு இருக்கிறவளுக்கு எவனாவது வீட்டை எழுதிவைப்பானா? பென்ஷன் ஆபீஸ்காரன் மோப்பம் பிடிச்சுடுவான். சும்மா இருங்க." எத்தனை பேருக்கு உயில் அடித்த கை அது!

பதினாலாம் வருஷம் கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்தார். தலைக்குள் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரி வாசலில், "எங்க வீட்டுக்காரரும்மா, விடுங்க" என்று இவள் கதறியதும் நர்ஸ் உள்ளே விட்டுவிட்டாள். வாய்ப்பேச்சுக்கு அந்த வார்த்தை செல்லுபடியானது. படிவத்துக்குச் செல்லவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்க வந்தவர், "மனைவிதானே? கல்யாணச் சான்றிதழ் கொண்டுவாங்க" என்றார். தன் கையால் ஆயிரம் ஜோடிக்கு அடித்துக் கொடுத்தவள் வெறுங்கையோடு நின்றாள். தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வந்து, "நான் இருக்கேன், கவலைப்படாதீங்க அண்ணி" என்று கையெழுத்துப் போட்டான். மூன்றாம் நாள் கடிகாரக்காரர் போய்விட்டார். உடலையும் தம்பியிடம்தான் ஒப்படைத்தார்கள்.

சரியாக இரண்டு வாரம். ஒரு நோட்டீஸ் வந்தது. 'வாடகைதாரராகிய தாங்கள் முப்பது நாட்களுக்குள் காலி செய்து...' பின்னால் அவள் அடித்த ஒப்பந்தத்தின் நகல். மேலிருந்து கீழ்வரை ஒரு பிழை கிடையாது. மறுநாள் அறையை அளக்க டேப்போடு வந்தான் தம்பி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றான்.

"என்னடா கூப்பிட்டே? அம்மாவா? அண்ணின்னு கூப்பிட்டுத் தின்னியே, அந்த வாய் எங்கடா போச்சு?"

"பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தானேம்மா பேச முடியும்? நானா எழுதினேன்?"

அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் நிஜம்.

பக்கத்து வக்கீலம்மாவிடம் ஓடினாள்.

"அவர் உங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரர்."

"அதான் அக்கா, எந்த வீட்டுக்காரர்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வக்கீலம்மா மறைக்காமல் சொன்னாள். மனைவி என்று வழக்குப் போடலாம். தெருவே சாட்சி சொல்லும், வீடு கிடைத்தாலும் கிடைக்கும், அஞ்சாறு வருஷம் ஆகும். ஆனால் வழக்குப் போட்ட அன்றைக்கே பென்ஷன் நிற்கும். இத்தனை வருஷம் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்குத் தனி வழக்கு. வாடகைதாரர் என்றால் பென்ஷனுக்கு ஆபத்தில்லை, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"உள்ளே தள்ளுவாங்களா?"

"தள்ளினாலும் தள்ளலாம்."

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள், வீட்டைக் காலி செய்வதாகத் தம்பி எழுதிக்கொண்டு வந்த தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். 'எங்களுக்குள் வாடகையைத் தவிர வேறெந்த உரவும் இருந்ததில்லை' என்று இருந்தது.

"உறவுக்கு இந்த 'ர' இல்லடா, நாசமாப் போறவனே. திருத்திக் கொடு."

திருத்திக் கொடுத்தான். போட்டாள். போட்ட கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பதினாலு வருஷம் ஆபீஸைத்தான் ஏமாற்றினாள். அன்றைக்கு அந்த மனுஷனையே இல்லையென்று சொல்லிவிட்டாள், அதுவும் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து.

அடுத்த மாசம் பென்ஷன் ஆபீஸ். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தாளை வாங்கிப் புரட்டினாள். தங்கமான பெண், மரியாதையாகவே பேசினாள்.

"மறுமணம் இல்லை. சரி. போன வருஷத்துக்கப்புறம் உங்க வாழ்க்கையில வேற ஏதாவது மாற்றம் உண்டாம்மா?"

டைப்பிஸ்ட் அக்கா பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

"முகவரி மட்டும்தாம்மா" என்றாள்.