சத்தக்காரி கேட்ட காலடி

அவளுக்குச் சத்தக்காரி என்று பேர் வைத்தவன் சவுண்ட் இன்ஜினியர். சண்டை போடுகிற சத்தமில்லை, தொழிலே அது. சினிமாவில் யாராவது நடந்தால், கதவைத் திறந்தால், கரண்டியைக் கீழே போட்டால், திரையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தைத் தனியாகப் போட்டுத் தருவாள். பதினோரு வருஷத்தில் எத்தனையோ கதாநாயகர்களுக்குக் காலாக இருந்திருக்கிறாள். ஒருத்தனாவது திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னானா? அதுதான் இல்லை.

இந்தத் தடவை பேய்ப்படம். புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்க்கும் ஒருத்தி, அவள் குடியிருக்கும் பேய்வீடு. அம்மாவின் காலடியும் இவள்தான், பேயின் காலடியும் இவள்தான்.

"ஒரே சம்பளத்துக்கு ரெண்டு ஆளா?" என்று கேட்டாள்.

"பேய்க்கு யாரு சம்பளம் குடுப்பாங்க, அக்கா?" என்று சிரித்தான் இன்ஜினியர்.

டைரக்டருக்கு ஆளரவமில்லாத வீட்டின் சத்தம் வேண்டுமாம். ஞாயிறு மதியம் தன் வீட்டுக் கூடத்திலேயே ரெக்கார்டரை ஓடவிட்டாள். ஒன்பது வயது மகளை உள்ளறையில் உட்காரவைத்து, "மூச்சு விடக்கூடாது" என்று மிரட்டிவிட்டுப் படுத்தவள், அசதியில் தூங்கிப்போனாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் போட்டுக் கேட்டால், காலடி! வலது கால் அழுத்தமாக, இடது கால் லேசாக இழுத்து, ஜன்னல்வரை போய் ஒரு கணம் நின்று திரும்புகிற நடை. ஊரே மறந்தாலும் அவள் காது மறக்குமா? அது அவள் புருஷனுடைய நடை.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கப்பல் வேலைக்கென்று போன மனுஷன். இரண்டு வருஷமாக ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. கம்பெனியைக் கேட்டால், பாதி வழியில் இறங்கிப் போய்விட்டார் என்கிறார்கள். மகளிடம் "வந்துடுவாரு" என்றே சொல்லி வைத்திருக்கிறாள். கூடத்தில் நடந்தது பேய் என்றால், அவர் செத்துவிட்டார் என்றல்லவா அர்த்தம்? உயிரோடு வந்தார் என்றால், தன்னை எழுப்பாமல் ஏன் போனார்? கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்ததே! எதை வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. பேயாக இருக்கக்கூடாது என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே, பேயாகவாவது வந்தாரே என்றும் நினைத்தாள். சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அக்கா. பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும்," என்றான் இன்ஜினியர்.

போடா, காலடி எதுவென்று எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று வந்த கோபத்தை மென்று விழுங்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் காதில் ஹெட்போனை மாட்டினாள். "உண்மையைச் சொல்லு. நேத்து நம்ம வீட்டுக்கு யாரு வந்தா?"

மகள் கவனமாகக் காதுகொடுத்துக் கேட்டாள். முகத்தில் பயமே இல்லை. "யாரும் வரலம்மா. நீதான் நடந்தே."

"நானா? நான் தூங்கிட்டிருந்தேன்டி!"

"தூங்கிக்கிட்டேதான் நடந்தே. அடிக்கடி நடப்பியே. மொதல் தடவை அப்பா வந்துட்டாருன்னு ஓடி வந்தேன். பார்த்தா நீ."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். கூலிக்கு யார் யாருடைய நடையையோ நடந்த கால்கள். இதை நம்புவதா வேண்டாமா? நம்பினாலும் அவர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியப்போவதில்லை. குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

"அப்பவே என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"கண்ணை மூடிக்கிட்டா அப்பா நடக்கற மாதிரியே இருக்கும்மா," என்றாள் மகள். "எழுப்பினா நின்னுடுமே."