ஆளில்லாத ஒழுங்கை

வெள்ளம் வந்தால் தோணி அனுப்பவேண்டிய வீடுகளைக் குறிக்க, சபை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஆண்கள் முந்திக்கொண்டு வரைபடத்தில் தங்கள் தங்கள் வீட்டின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நாங்கள் இருக்கும் சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஒன்றுமில்லை. தோணி எங்களிடம் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் கூச்சத்தை விட்டு எழுந்தேன்.

"எங்கட ஒழுங்கையில ஆளே இல்லையா?"

எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் குடியிருப்பார். ஆனால் என் கணவர் உட்பட எங்கள் ஒழுங்கை ஆண்கள் எல்லாரும் தாங்கள் பிறந்த வீட்டிலேயே ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள்!

"சோறு என்ட ஊட்டுல, ஸ்டிக்கர் உம்மாட ஊட்டுலயா?" என்று பக்கத்து வீட்டு ராத்தா தன் கணவரைக் கேட்க, மண்டபமே சிரித்தது.

அதிகாரி ஸ்டிக்கர் தாளைப் பெண்களிடம் தந்தார். எங்கள் வீட்டுக்கு நானே ஒட்டினேன். பிறகு, கணவர் தன் உம்மாவின் வீட்டில் ஒட்டியதைக் கழற்றக் கை நீட்டினேன்.

"அதைக் கழட்டாத புள்ள. அங்க தங்கச்சி இருக்கா, தண்ணியும் வரும்" என்றார் கணவர் மெதுவாக.