நடீன் பர்விஸின் மூக்குக்கண்ணாடி

டன்ஸ்டன் பள்ளிக்கூட அலுவலகத்தில் நடீன் பர்விஸுக்கு இரண்டு வேலை. தட்டச்சு செய்வது, தொலைபேசி எடுப்பது, காய்ச்சல் வந்த பிள்ளையின் வீட்டுக்குத் தகவல் சொல்வது எல்லாம் ஒன்று. சம்பளம் அதற்குத்தான். இன்னொன்று, துணைத் தலைமை ஆசிரியர் பிள்ளைகளின் பின்பக்கத்தில் பலகையால் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது. சாட்சி இல்லாமல் அடிக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி. அடிப்பதில் விதிக்கு வருத்தமில்லை. தனியாக அடிப்பதுதான் அதற்குப் பிடிக்காது.

மிஸ் நடீன் இதே ஊரில் பிறந்து, இதே அறையில் சிறுமியாக அடி வாங்கியவர். மரம் ஏற்றும் லாரி ஓட்டும் ராய்ஸ் அவர் கணவர். மிஸ் நடீன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார். சுருதியைப் பற்றி இதுவரை கடவுள் எதுவும் சொல்லவில்லை. மதியம் கோக் பாட்டிலுக்குள் உப்பு வேர்க்கடலையைக் கொட்டி, மென்றுகொண்டே குடிப்பார். சாட்சி நிற்கும்போது அவர் பார்வை சுவரில் தொங்கும் தீவனக் கடை நாட்காட்டியை விட்டு நகராது. அதில் அந்த மாதத்துப் படமான வாத்தை அவர் அளவுக்கு அந்த வாத்தின் தாய்கூடப் பார்த்திருக்காது. முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு பெப்பர்மின்ட் வைப்பார்.

அடிக்கும் அந்தத் துணைத் தலைமை ஆசிரியர் கோச் ஹட்டோ. கால்பந்து அணியும் அவர் கையில்தான். பலகையை மரவேலை வகுப்புப் பையன்கள் செய்துகொடுத்தார்கள். காற்று தடுக்காமல் இருக்க அதில் ஓட்டைகூடப் போட்டார்கள். தனக்கான ஆயுதத்தைத் தானே இழைத்து மெருகேற்றுவதற்கு எங்கள் பள்ளியில் மதிப்பெண் உண்டு. அடி வாங்கியவன் அதில் தன் பெயரை எழுத வேண்டும். என் அப்பாவின் பெயர் அதில் இருக்கிறது. பக்கத்தில் என் பெயர். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

தப்பு செய்தவனுக்கு இரண்டு வழி: பலகை, அல்லது இடைநீக்கம். இடைநீக்கம் என்றால் வெள்ளிக்கிழமை ஆட்டம் கிடையாது. அதனால் வியாழக்கிழமை தோறும் ஆட்டக்காரப் பையன்கள் பலகைக்கு வரிசையில் நிற்பார்கள். "பலகைதான் ஒழுக்கம் கத்துக் குடுக்குது" என்பார் கோச். அதே பையன்கள் வாராவாரம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

கோச்சின் காபிக் கோப்பையில் உயிருள்ள நண்டுக்குஞ்சு ஒன்று குடியேறிய வியாழக்கிழமை, நான் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முதல் வகுப்பு மைக்கா. கால் தரையைத் தொடவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் செய்த குற்றமும் அதுதான்: வகுப்பில் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை.

மிஸ் நடீன் அவன் அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா வேலை பார்க்கும் கோழி வெட்டும் ஆலையில் இரைச்சல் அதிகம். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"லைன விட்டு வந்தா வேலை போயிரும் மிஸ் நடீன். இடைநீக்கம்னா வந்து கூட்டிட்டுப் போகணும், என்னால முடியாது. அடிச்சிருங்க. மெதுவா அடிக்கச் சொல்லுங்க."

மிஸ் நடீன் போனை வைத்துவிட்டு, வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ரொம்ப வலிக்குமா?" என்றான் மைக்கா.

"வலிக்காது. சத்தம்தான் பெருசா இருக்கும். கோச்சோட பேச்சு மாதிரி."

"டேய் டூலி, வாய மூடு" என்றார் மிஸ் நடீன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். மடக்கினார். நாற்காலியில் வைத்தார். அதன் மேல் நிதானமாக உட்கார்ந்தார். படக்கென்று ஒரு சத்தம்.

கோச் கதவைத் திறந்தார். "மிஸ் நடீன், சாட்சிக்கு வாங்க. சின்னவன் முதல்ல."

"கண்ணாடி உடைஞ்சு போச்சு கோச். ஒண்ணும் தெரியல."

"பலகையப் பாக்கக் கண்ணாடி எதுக்கு?"

"நீங்க பையன அடிக்கிறீங்களா, நாற்காலிய அடிக்கிறீங்களான்னு தெரியணும்ல? பாக்காததப் பாத்தேன்னு கையெழுத்துப் போட மாட்டேன். நான் சர்ச்சுல பாடுறவ."

கோச் வேறு சாட்சி தேடிப் போனார். தலைமை ஆசிரியர் மாநிலத் தலைநகர் ஜாக்சனில் கூட்டத்தில் இருந்தார். அறிவியல் டீச்சருக்கு வகுப்பு. சமையலறைப் பெண்கள் கையெல்லாம் மாவு என்றார்கள். கண்ணில் மாவு இல்லையே என்று கேட்கும் துணிச்சல் கோச்சுக்கு இல்லை. அவர் மூச்சு வாங்கத் திரும்பியபோது மணி அடித்து, மஞ்சள் பஸ் வந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாத மிஸ் நடீன் மைக்காவின் சட்டையில் கழன்றிருந்த பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார்.

"ஓடு கண்ணு."

அவன் அவர் தந்த பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு, அதே பாட்டை முணுமுணுத்தபடியே ஓடினான்.

கோச்சின் கழுத்து சிவந்தது. "இத நான் தலைமை ஆசிரியருக்கு எழுதத்தான் போறேன். உங்க வேலைக்கே ஆபத்து, ஆமா."

"எழுதுங்க கோச். டைப் அடிக்கப் போறது நான்தானே."

"அப்ப என்னை அடிங்க கோச்" என்றேன். எனக்கு வெள்ளிக்கிழமை ஆட்டம் முக்கியம். "மிஸ் நடீன், கொஞ்சம் கண்ணச் சுருக்கிப் பாருங்களேன்."

"உன் மூஞ்சியே மங்கலாத்தான் தெரியுது டூலி."

எனக்கு இடைநீக்கம். வெள்ளிக்கிழமை நான் இல்லாமலேயே எங்கள் அணி தோற்றது. நான் இருந்தாலும் பெஞ்சில்தான் இருந்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்குத் திரும்பிய சில நாளில், மிஸ் நடீனின் மேஜையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு வைத்தேன். மரவேலை வகுப்பில் செய்தது. அதில் ஓட்டை எதுவும் போடவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆணி வெளிய நீட்டிட்டிருக்கு" என்றார். பிறகு டேப் ஒட்டிய கண்ணாடியைக் கழற்றி அதற்குள் வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார்.

கோச் வாசலில் நின்றார். தலைமை ஆசிரியர் அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பார்வை எப்படி இருக்கு மிஸ் நடீன்?"

மிஸ் நடீன் கோக் பாட்டிலுக்குள் கடலையைக் கொட்டினார்.

"உள்ள யாரக் கூட்டிட்டு வர்றீங்கங்கறதப் பொறுத்தது கோச்."