குற்றாலத்து ஆற்றில் விட்ட வேட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சுரண்டையில் தென்காசி டவுன் பஸ் ஏறினோம். நான், என் அக்காவான உங்கள் அத்தை, மாமா, மூன்று பேர். உங்கள் இரண்டு பேருக்கும் சளி பிடித்திருந்ததால் அம்மா அனுப்பவில்லை. "போய்ட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லணும்" என்றீர்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதியே தருகிறேன்.

முதலில் எதற்குப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குப் பங்குனியில் மஞ்சள் காமாலை வந்தது உங்களுக்குத் தெரியும். சுகமாகி, ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் வந்தது. இப்போது டாக்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு தடவை திரும்பி வந்தது இன்னொரு தடவையும் வந்துவிடுமோ என்ற பயம் அத்தைக்குப் போகவில்லை. அதனால் சீக்கு தீர்ந்து முதன்முதலாகத் தலைக்கு ஊற்றுவதைக் குற்றாலத்து அருவியில் வைத்துக்கொள்ள வேண்டும், படுக்கையில் கிடந்தபோது கட்டியிருந்த வேட்டியை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். துணியோடு சீக்கும் போய்விடும் என்பது நம்பிக்கை. நம் பக்கத்தில் பலரும் செய்வதுதான்.

வழியெல்லாம் அந்த வேட்டி வைத்திருந்த மஞ்சள் பை அத்தையின் மடியிலேயே இருந்தது. மேலே வைக்கிறேன் என்று கேட்டேன், தரவில்லை.

ஏழு மணிக்குத் தென்காசி. கோபுரத்தின் பின்னால் மலை பாதிக்கு மேல் தெரியவில்லை, மேகம். பஸ் நிலையத்திலிருந்து பேரருவி ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். மாமா நூற்றிருபதுக்கு இறக்கினார். ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு அல்லவா, அந்தக் குரல் இன்னும் போகவில்லை.

சாரல் ஆட்டோவுக்குள் அடித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்கா எதும் வச்சிருக்கியளா? அங்கன வாங்கி டிரம்முல போட்டுருதாவ. பொறவு என்னைய வையக் கூடாது" என்றார்.

"ஒண்ணும் இல்ல" என்றார் மாமா.

அத்தை மெதுவாகக் கேட்டாள். "துணி கொண்டு போலாம்லா?"

"குளிக்கப் போறவுக துணி இல்லாமலா போவாவ ஆச்சி?"

"அவ கேக்கது வேற துணி, வே" என்று மாமா சிரித்தார். பிறகு அத்தையிடம், "ஏட்டி, துணி விடக் கூடாதுன்னு போர்டு வச்சிருப்பான். சர்வீஸ் பூராவும் அடுத்தவன போர்டு படிக்கச் சொன்னவன் நான். கடைசில என்னையக் குத்தவாளி ஆக்கிராத."

"போர்டுக்குக் காமாலை வந்துச்சா? நீங்க சும்மா இருங்க."

டிரைவர் சொன்னபடியே நுழையும் இடத்தில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு நீல டிரம் நிறைய ஷாம்பு பாக்கெட்டும் சோப்புக் கட்டியும் கிடந்தன. எங்கள் முன்னால் நின்ற ஒருவர், "ஒரே ஒரு பாக்கெட்டு சார், இதுல என்ன ஆயிரப்போவுது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். அங்கே வரிசையைப் பார்த்தால் தெரியும். அருவியிலிருந்து கடைத்தெரு வரைக்கும் ஆள். இத்தனை பேரும் ஆளுக்கு ஒரே ஒரு பாக்கெட் போட்டால் பாறை வழுக்கும், நுரை ஆற்றோடு போய் மீனுக்கு மூச்சு முட்டும். அத்தையின் பையில் வேட்டியைத்தான் பார்த்தார்கள். மாற்றுத்துணி என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

அருவியில் நிற்பது எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே. முதலில் தலையில் யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவதுபோல் இருக்கும். மூச்சு நின்றுவிடும். பிறகு முதுகைத் தட்டிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். வெளியே வரவே தோன்றாது. போலீஸ்காரர் விசில் ஊதி ஊதித்தான் வெளியே எடுக்கிறார். மாமாவை நான் கையைப் பிடித்தபடி ஓரத்திலேயே நிறுத்தினேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு தலையில் தண்ணீர் விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ஒன்பது மணி இருக்கும், நானும் மாமாவும் துணி மாற்றிக்கொண்டு பெண்கள் குளிக்கும் பக்கத்துக்கு வெளியே காத்திருந்தோம். அத்தை அங்கிருந்து வராமல் ஆற்றுப் பக்கத்துப் படியிலிருந்து ஏறி வந்தாள். மஞ்சள் பை காலியாக இருந்தது.

"விட்டாச்சு" என்றாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மூன்று டீயும் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜியும் வாங்கினோம். அறுபத்தைந்து ரூபாய். பாலத்தில் நின்று கீழே வேடிக்கை பார்த்தோம். அருவித் தண்ணீர் சிற்றாறாக இறங்கிப் பாறைகளுக்கு நடுவில் போகிறது. அங்கே துப்புரவுப் பணி செய்யும் ஒரு பெண் தொரட்டிக் கம்பால் பாறையில் சுற்றிக் கிடந்த துணிகளை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். சேலை, கைலி, சட்டை, ஒரு சின்னப் பிள்ளையின் பாவாடைகூட. இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. ஒரு துணி கம்புக்கு வரவில்லை. அவர் கம்பைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிக் கையால் இழுத்தார். பச்சைக்கரை வேட்டி. முந்தியில், காமாலைக்கு மாமா குடித்த கீழாநெல்லிச் சாறு கொட்டிய கறை.

அத்தை டீ கிளாசை அப்படியே கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு ஓடினாள். நாங்களும் பின்னால் இறங்கினோம்.

"தாயி, அதத் தொடாத. விட்டுரு, விட்டுரு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வயது இருக்கும். "ஏன் ஆச்சி?"

"காமாலைத் துணி. எங்க வீட்டுக்காரவுக கட்டுனது. உனக்கு வந்துரும்."

அவர் சிரித்துவிட்டார். "நீங்க வேற. இந்தா கெடக்கே, இதுல பாதி யாருக்கோ சீக்கு, மீதி யாருக்கோ சனி. தெனமும் நாந்தான் அள்ளுதேன். எல்லாம் எனக்கு வரணும்னா வரிசைல நின்னுதான் வரணும்."

மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"பிள்ளையள் இருக்கா?"

"ரெண்டு. அச்சன்புதூர்ல எங்கம்மாட்ட இருக்குதுவ."

அத்தை குவியலைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். விரல் தோலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. துணியோடு சீக்கு போகும் என்று நம்புகிறவள் அவள். அப்படியானால் அது ஆற்றோடு போகவில்லை, இந்தக் கைக்கு வந்திருக்கிறது. அதையும் நம்பித்தானே ஆக வேண்டும். அவள் அப்படி நினைத்தாள் என்று நான் ஊகிக்கிறேன்.

"இங்க கொண்டா" என்று கையை நீட்டினாள்.

அந்தப் பெண் தரத் தயங்கினார். "விட்டதத் திருப்பி வாங்குனா மறுபடி வந்துரும்பாவளே ஆச்சி. உங்களுக்கு எதுக்கு? நான் வண்டில போட்டுருதேன்."

அத்தை நீட்டிய கையை மடக்கவில்லை.

"வந்தா எங்க வீட்டுக்கே வரட்டும். உன் பிள்ளையளுக்கு எதுக்கு? கொண்டா."

வாங்கிப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டாள்.

படியேறும்போது மாமா, "வரப்போறது எனக்கு, ஏட்டி. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" என்றார்.

"கேட்டா என்ன சொல்லிருப்பிய?"

மாமா அடுத்த படியில் கால் வைத்தபடியே சொன்னார். "வாங்குன்னுதான் சொல்லிருப்பேன்."

பதினொரு மணிக்கு அங்கிருந்து கிளம்பினோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தச் சிற்றாறு தென்காசியைத் தாண்டி நம் பக்கத்து வீரகேரளம்புதூர் வழியாகத்தான் வருகிறது. குற்றாலத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்று நாம் நினைப்பது நமக்கு முன்னால் நம் ஊருக்கு வந்து நிற்கலாம். வராமல் இருந்தால், நடுவில் யாரோ தண்ணீரில் இறங்கி எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். நம் வீட்டில் குப்பையை வாசலில் போட்டால் அதைக் கூட்டுவது அம்மா என்று உங்களுக்குத் தெரியும். அருவியில் போட்டால் யார் என்று தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இனி சளி விட்டதும் உங்களைக் கூட்டிப்போவேன். கொண்டுபோவதை எல்லாம் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அத்தை வீட்டுக்குப் போனதும் அண்டாவில் வெந்நீர் போட்டுச் சோடா உப்பைக் கொட்டி வேட்டியை வேகவைத்துவிட்டாளாம். துணியால் காமாலை வராது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று டாக்டர் முன்பே சொன்னதுதான். நானும் மறுபடி சொன்னேன். தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் நான் போனபோது மாமாவை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்திவைத்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் காட்டினாள். கண் வெள்ளையாகத்தான் இருந்தது, மஞ்சள் இல்லை. "நாளைக்கும் பாக்கணும்" என்றாள்.