கீழ் ஏரியில் விட்டுவந்த ஹெட்விக்

கஸ்பார் அந்தப் பள்ளத்தாக்கில் மஞ்சள் பேருந்து ஓட்டுகிறவர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் ஓய்வுபெற்றவர்களை மலைமேல் உள்ள மூன்று ஏரிகளுக்கு நடத்திக் கூட்டிப்போவதும் அவர்தான்.

அந்த வருஷம் பதினான்கு பேர். எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைத்து வந்தவள் ஹெட்விக், பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவள், எழுபத்திரண்டு வயது. கீழ் ஏரிக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

"நீங்க இங்கயே உக்காருங்க. ரெண்டு மணிக்குள்ள வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் கஸ்பார்.

"போ, போ. ரொட்டி இருக்கு, சீஸ் இருக்கு. மீனுங்களோட பேசிக்கிட்டிருப்பேன்."

மேல் ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதந்தது. இப்படி ஒரு நாளை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று ஆளாளுக்குக் கஸ்பாரைப் புகழ்ந்தார்கள். பழைய தபால்காரர் உர்சின், "மறுபக்கமா இறங்கினா விடுதியில ஆப்ரிகாட் கேக் கிடைக்குமே, தலைவரே!" என்றார். தலைவரும் தலையாட்டினார். விடுதியில் இரண்டு குவளை பீர் குடித்து, கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

நாலரை மணிக்கு, அன்று வேறொருவர் ஓட்டிய பேருந்தில் ஏறும்போதுதான் உர்சின் கேட்டார். "ஆமா, ஹெட்விக் எங்க?"

கஸ்பாருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "அவங்க அப்பவே இறங்கிப் போயிட்டாங்க. நீங்க கிளம்புங்க. நான் கைத்தடிய மேல விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன்."

பேருந்து மறைந்ததும் ஓட்டமும் நடையுமாக ஏறினார். இடி இடித்தது, ஆலங்கட்டி விழுந்தது. மீட்புக் குழுவைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தார். கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஹெட்விக் ஒரு பாறையடியில் குறுகி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவரைக் கண்டதும் அழுதுவிட்டாள். "வந்துட்டியா! உங்க எல்லாருக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். மத்தவங்கெல்லாம் பத்திரமா?"

அவர் குனிந்து முதுகைக் காட்டினார். அவளை முதுகில் சுமந்து காட்டுப்பாதைவரை இறங்கினார். அங்கிருந்து மாடு மேய்க்கிறவர் ஒருவரின் ஜீப்பில் ஊர் சேர்ந்தார்கள். வழியில், தான் மறந்துபோனதை மட்டும் சொன்னார். அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் ரொட்டிக்கடையில் ஹெட்விக் சொன்னாளாம்: "நான் பாட்டுக்குத் தனியா இறங்கி வழிதவறிட்டேன். அவன்தான் மழையில தேடி வந்து தூக்கிட்டு வந்தான்." அன்றிலிருந்து பேருந்தில் ஏறுகிறவர்களெல்லாம் கஸ்பாரின் தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் கூனிக்குறுகினார்.

ஊர்க்காரர்களின் குளிர்காலக் கூட்டத்தில், ஹெட்விக்கைக் காப்பாற்றியதற்காக, அந்த ஊர் வழக்கப்படி அவருக்குப் பெரிய மாட்டுமணி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மணியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேக்கையும், பொய்யையும், "போன் கையிலதான் இருந்துச்சு. பேரு கெட்டுடும்னு கூப்பிடல" என்பதையும்.  ஹெட்விக் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அவர் ஓடிப்போய்ப் படிக்கட்டில் அவளை எட்டிப்பிடித்தார்.

"மறந்தது எனக்குத் தெரியும், கஸ்பார். மறக்காத மனுஷன் யாரு? போன் விஷயம் தெரியாது" என்றாள். பிறகு பனியில் நடந்து போய்விட்டாள்.

அடுத்த ஆகஸ்டில் எல்லோரையும் உர்சின் கூட்டிப்போனார். கஸ்பார் கடைசி ஆளாக நடந்தார். ஹெட்விக் வரவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் கீழ் ஏரிவரை வந்தாள். மற்றவர்கள் மேலே ஏறியபோது கஸ்பார் போகவில்லை. அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. எழுந்து போகச் சொல்லவும் இல்லை.