ஒரே தடவை ஓடிய ஊமைப் படம்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளனாக இருந்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். நடிகர்கள் வாயைத் திறந்த அன்றே சினிமா கெட்டது என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவரிடம், மூடிப்போன கொட்டகை ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு தகர டப்பா வந்து சேர்ந்தது. உள்ளே ஊமைப் படச் சுருள். டப்பாவில் பெயர் அழிந்திருந்தது. எந்த ஊர்ப் படம் என்றுகூடத் தெரியவில்லை.

நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கையில் வாத்தோடு ஒரு பெண் மரம் ஏறிக்கொண்டிருந்தாள். மரம் ஏறுகிறவளுக்கு வாத்து எதற்கு? அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை.

பாய்க்குத் தெரிந்த சினிமா ஆபரேட்டர் ஒருவர் வந்து சுருளை முகர்ந்து பார்த்தார்.

"சுருங்கிப்போச்சு பாய். ஒரு தடவை ஓட்டலாம், அதோட சரி. பழைய ரகம்லா இது. சூடு பட்டா பெட்ரோல் மாதிரி எரியும்."

"கடை பூரா துணியாச்சே அண்ணே," என்றேன்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே தம்பி," என்றார் பாய்.

ஞாயிறு மதியம் கடையை அடைத்து இருட்டாக்கினோம். திரைக்காக வெள்ளை மல் துணியை முழுப் பீஸாக உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். நாளைக்கு விற்க வேண்டும், வெட்டாதே என்று பாய் உத்தரவு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் வாளியும் ஈரச் சாக்குமாக, ஆபரேட்டர் கொண்டுவந்திருந்த படம் காட்டும் மெஷின் பக்கம் நின்றேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது. என் கண் மெஷினை விட்டு நகரவில்லை. முன்னால் சிரித்தார்கள். யாரோ "அடப் பாவமே" என்றார்கள். திரைப் பக்கம் திரும்பலாம் என்று நினைத்தபோது கருகிய வாடை வந்தது. வாளியைத் தூக்கிவிட்டேன்.

"பக்கத்து வீட்டுல சம்பாலுக்கு இறால் பெலாச்சான் சுடுறாங்க," என்றார் ஆபரேட்டர். "வாளியக் கீழ வை. மெஷின் என்னோடது."

வைத்தேன். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் சுருளின் கடைசி நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. ஃபிலிமின் ஓரத் துளைகள் எல்லாம் கிழிந்திருந்தன. படம் முடிந்துவிட்டது, என்றைக்குமாக.

"வாத்து என்ன ஆச்சு பாய்?"

"அழுதுட்டேன் தம்பி," என்றார் பாய். பூக்கடைக்காரர், அது வாத்தே இல்லை, கோழி என்றார். சிரித்தவர்களில் ஒருவரோ மரத்தையே பார்க்கவில்லையாம்.

மறுநாள் ஓர் அம்மா மல் துணி கேட்டு வந்தார். அளந்து வெட்டுவதற்கு முன் முழுப் பீஸையும் விரித்து, இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.